பொறுப்பு யார்மேல்? சிவகாசி வட்டாரத்தில் சிறார் மதுப்பழக்கத் தடுப்பு

சிறார் மதுப்பழக்கத்தைத் தடுப்பது என்றதும் நம் ஊர்களில் முதலில் நடப்பது பள்ளி மாணவர்களின் விழிப்புணர்வுப் பேரணி. பதாகை, முழக்கம், உறுதிமொழி என்று அது முடிகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணிப்பு இருக்கிறது: சிறுவன் அறியாமையால் குடிக்கிறான், கெடுதலை எடுத்துச் சொன்னால் விலகிவிடுவான் என்பது. இக்கணிப்பு பிழையானது என்பதை விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரம் வேறொரு துறையில் முன்பே காட்டிவிட்டது. வட்டார வழக்கில் ஆபீஸ் எனப்படும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளில் பெரும்பாலோர் வெளியே வந்தது அவர்களுக்குச் செய்த உபதேசத்தால் நடக்கவில்லை. பொறுப்பு பெரியவர்கள்மேல் ஏற்றப்பட்டதால் நடந்தது. மதுவிலும் இளைஞர் முயற்சிகள் பலன் தர வேண்டுமானால் இப்படிப் பொறுப்பைப் பெரியவர்கள்மேல் ஏற்றும் வழியில்தான் நடக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1980-களில் சிவகாசி, சாத்தூர் சுற்றுக் கிராமங்களில் விடியுமுன்பே ஆபீஸ் பேருந்துகள் வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்றன. படிப்பின் அருமை தெரியாமல் பெற்றோர் அனுப்புகிறார்கள் என்பதே அன்றைய பொதுப் பேச்சு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிறப்புப் பள்ளிகளையும் மதிய உணவையும் உதவித்தொகையையும் கொண்டுவந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் ஆழமாகச் சென்றது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குழந்தைக்குப் பதிலாக வீட்டிலுள்ள ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்கச் செய்ய அரசு முயல வேண்டும். குற்றத்தின் விலையை முதலாளிமேல் வைத்து, வீட்டின் வருமான இழப்பையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு இது. தீர்ப்பு ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. பள்ளியும், விழித்துக்கொண்ட தாய்மாரும், ஓயாமல் வந்த ஆய்வுகளும் சேர்ந்தே மாற்றின. ஆயினும் அந்தத் தீர்ப்பு குழந்தையிடம் எந்த உறுதிமொழியும் கேட்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

மதுவுக்கு வருவோம். 1983-ல் தொடங்கப்பட்ட, தமிழக அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் வந்தது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. இளைஞர் நீதிச் சட்டம் 2015 இன்னும் கடுமையானது: மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு மது கொடுத்தாலும், மதுவை விற்கவோ சுமக்கவோ குழந்தையைப் பயன்படுத்தினாலும் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு குவார்ட்டர் வாங்கி வரச் சிறுவனை அனுப்பும் சித்தப்பாவுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியுமா? 2015-ல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறு குழந்தைக்கு உறவினர்களே மது புகட்டிய காணொளி தமிழகத்தையே உலுக்கியது. பழக்கம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2023-24-ல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பட்டாசில் முதலாளி நின்ற இடத்தில் இங்கே அரசே நிற்கிறது. இது வெட்கத்துக்குரியது, ஆனால் ஒரு வாய்ப்பும்கூட. சிதறிக் கிடக்கும் ஆயிரம் வியாபாரிகளைவிட, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே விற்பனையாளரிடம் வயது விதியைக் கேட்டு வாங்குவது எளிது.

சிக்கல் அவ்வளவு பெரிதா என்று சிலர் கேட்பர். எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, 10 முதல் 17 வயதினரில் 1.3 விழுக்காட்டினரே மது அருந்துவதாகக் கணித்தது. அது வீடு வீடாகச் சென்று கேட்ட கணக்கு; பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் எந்தச் சிறுவன் உண்மையைச் சொல்வான்? அந்த எண்ணை அப்படியே ஏற்றாலும், பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் வயதில் என்ன நடக்கிறது என்பதே இவ்வட்டாரத்துக்கான கேள்வி. வெடிபொருள் விதிகள் 2008, பதினெட்டு நிரம்பாதவரையும் போதையில் இருப்பவரையும் வெடிபொருள் வேலையிலிருந்து ஒருசேர விலக்கிவைக்கின்றன. மருந்து கலக்கும் அறைக்குள் நாளை நுழையப்போகிறவன் இன்று எதைப் பழகுகிறான் என்பது அவனுடைய சொந்த விஷயம் மட்டுமாக இருக்க முடியாது. முழு மதுவிலக்கே தீர்வு என்பது இன்னொரு வாதம். 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய அந்த வழியின் அறநோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அரசின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயமும், கடைக்கு வெளியே ஒரு சந்தை எப்போதும் இருப்பதைக் காட்டியது.

இளைஞர்கள் இந்தப் பொறுப்பை ஏற்கத் தயங்கியதில்லை. 2015 ஜூலை 31-இல் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை மூடக் கோரிய போராட்டத்தின்போது உயிரிழந்ததும் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினர். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டதில் இத்தகைய அழுத்தத்துக்குப் பங்குண்டு. ஆனால் கொதிப்பு அடங்கியபின் மிஞ்சும் அன்றாடக் கண்காணிப்புக்கு ஓர் இருக்கை வேண்டும். அந்த இருக்கை ஏற்கெனவே இருக்கிறது. ஊராட்சித் தலைவரின் தலைமையில் இயங்க வேண்டிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் குழந்தைகளின் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. எந்தக் கடையில், எந்தப் பாரில் வயது கேட்பதில்லை, எந்தப் பெட்டிக்கடையில் மதுக்கடை திறக்குமுன்பே பாட்டில் கிடைக்கிறது என்பதை ஊரில் மற்ற எவரையும்விடச் சிறுவர்களே அறிவர். இது அவர்களை ஆபத்தில் தள்ளாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே தகவல் சொல்வதோடு அவர்கள் வேலை முடிய வேண்டும். பெயரில்லாமல் குழு பதிவுசெய்து, பெரியவர்கள் கையெழுத்திட்டு ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். இலங்கையில் 1987 முதல் இயங்கும் மது மற்றும் போதைப்பொருள் தகவல் மையம் கடைப்பிடிக்கும் அணுகுமுறை இங்கே உதவும். குடிக்குப் பூசப்படும் கவர்ச்சியை ஊரார் தங்களுக்குள் பேசிக் கலைப்பது அதன் சாரம். அச்சுறுத்தலுக்கு அதில் இடம் குறைவு. குடித்தால்தான் ஆம்பிளை என்ற பேச்சை விருதுநகரில் ஒரு பதினாறு வயதுப் பையன் தன் கூட்டாளிகளிடம் மறுப்பதற்கு உள்ள வலிமை எந்த மேடைச் சொற்பொழிவுக்கும் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு நாட்காட்டியே வழி சொல்கிறது. அக்டோபர் 2-ஆம் தேதி கிராமசபை, தீபாவளிக்கு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு முன் வருகிறது. ஆபீஸ்களில் போனஸ் பட்டுவாடாவும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான். பாதுகாப்புக் குழுவின் பதிவேட்டை அந்தச் சபையில் வாசித்து, ஊரை ஒட்டிய கடையின் மேற்பார்வையாளரையும் ஆபீஸ் நிர்வாகத்தையும் நேரில் அழைத்து, போனஸ் வாரத்தில் வயது விதி எப்படிக் காக்கப்படும் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குச் சபையில் வாக்கு இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன தகவலை, அவர்கள் பெயர் வெளிவராமல், குழுவின் பெரியவர்கள் எழுந்து வாசிக்க வாய்ப்பளிப்பதை எந்த ஊராட்சித் தலைவரும் செய்யலாம்.