ஆலம்பரைக் கோட்டை

ஆலம்பரைக் கோட்டை செங்கல்பட்டு மாவட்டம், கடப்பாக்கத்தை அடுத்த கடற்கரையில் சிதைந்த நிலையில் உள்ள கோட்டையாகும். ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து வடக்கே சென்றால் இதனை அடையலாம்.

கோட்டையை ஒட்டி இடையன்திட்டுக் கழிமுகம் உள்ளது. அலை குறைந்த இக்கழியே முற்காலத்தில் இதனைத் துறைமுகமாக்கியது. இங்கிருந்து சரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை ஏற்றுமதியாயின. நாணயச்சாலையும் இருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டை ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கானின் ஆளுகையில் இருந்தது. தமக்கு உதவிய பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு, தக்காண சுபேதார் முசாபர் ஜங் 1750-இல் இதனை வழங்கினார். 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தனர். அடுத்த சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது.

பீரங்கிக்குத் தப்பிய செங்கல், சுண்ணாம்புச் சுவர்களை 2004 ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. உப்புக் காற்றும் அவற்றை அரித்து வருகிறது.

இன்று பார்வையாளர்கள் மீனவர் படகில் கழியைக் கடந்து, கடலோர மணல்திட்டில் நடந்து வருகின்றனர். இக்கழிமுகத்தின் வழியே கடலோடு இணையும் கழுவெளி ஏரி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைகளுக்குக் காவல் கிடைத்துள்ளது. கோட்டைக்கோ எஞ்சியிருப்பவை சில சுவர்களே. அவற்றின் மீது ஏறாமலும் கல்லைப் பெயர்க்காமலும் பார்த்துத் திரும்புவது, வருவோர் ஒவ்வொருவரும் இதற்குச் செய்யக்கூடிய உதவியாகும்.