ஏழை உழவனுக்கு எழுதிய ஏடுகள்

1855-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு விலைச்சீட்டு எழுதப்பட்டது. விற்கப்பட்டது நிலமன்று, மாடுமன்று. மேரி என்னும் பதின்மூன்று வயதுப் பெண். விலை 700 டாலர். வாங்கியவர் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக் குடியானவர். அந்த மேரி ஈன்ற மகன்தான், பின்னாளில் உலகம் வியந்து நோக்கிய வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். தாயின் விலைச்சீட்டுக்கு நாள் உண்டு, தொகை உண்டு, ஒப்பமும் உண்டு. மகன் பிறந்த நாளையோ குறித்து வைத்தாரில்லை. 1864-ஐ ஒட்டிப் பிறந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். அடிமை பெற்ற பிள்ளைக்குப் பிறந்தநாள் எதற்கு என்று எண்ணிய காலமன்றோ அது!

உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் கொள்ளையர் வந்தனர். தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றனர். குழந்தை மட்டுமே மீண்டது. மீட்டு வந்தவனுக்குக் கைம்மாறாக மோசஸ் கார்வர் ஒரு குதிரையைக் கொடுத்தாராம். தாய் என்ன ஆனாள் என்பது மகனுக்கு இறுதிவரை தெரியவில்லை.

அடிமைமுறை ஒழிந்தது, நிறவெறி ஒழிந்ததா? அருகிலிருந்த பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கு உரியது. எனவே கருநிறப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி இருந்த நியோஷோ என்னும் ஊருக்குச் சிறுவன் நடந்தான். பின்னர்க் கன்சாஸ் மாநிலம் சென்றான். அங்கே, 1879-இல், வெறிகொண்ட கூட்டமொன்று ஒரு கருநிற மனிதனைக் கொன்றதைக் கண்டு, அந்த ஊரையே விட்டு வெளியேறினான். 1885-இல் ஹைலண்டு கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பினார். 'சேர்த்துக்கொண்டோம்' என விடை வந்தது. நேரில் சென்று நின்றபோது கதவு சாத்தப்பட்டது. அஞ்சலில் சென்ற தாளுக்கு நிறமில்லை. ஆளுக்கு நிறம் இருந்தது. அவ்வளவே வேறுபாடு.

வேறொருவராயின் அத்துடன் படிப்பை முடித்திருப்பர். கார்வர் ஓய்ந்தாரில்லை. 1890-இல் அயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். ஊரார் துணிகளை வெளுத்து வயிறு வளர்த்தார். செடிகொடிகளை அவர் தீட்டிய திறங்கண்ட ஆசிரியை எட்டா பட், செடிகளையே படிக்கும்படி அவரை வேளாண்மைக் கல்லூரிக்கு ஆற்றுப்படுத்தினார். ஏம்ஸ் நகரில் இருந்த அக்கல்லூரியில் கால்வைத்த முதல் கருநிற மாணவர் அவரே. 1894-இல் இளநிலைப் பட்டம்; 1896-இல் முதுநிலைப் பட்டம்; செடிகளைத் தாக்கும் பூஞ்சை நோய்களில் தேர்ச்சி; கல்லூரியிலேயே ஆசிரியப் பணி. அமைதியான வாழ்வு அங்கே காத்திருந்தது. அவ்வேளையில்தான் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயிலிருந்து, கருநிற மக்களுக்கெனக் கல்விநிலையம் கண்ட புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பு வந்தது. 1896-இல் அங்குச் சென்றவர், இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

கார்வர் என்றதும் நிலக்கடலையை நினைப்பது உலக வழக்கு. தென்னார்க்காட்டு மக்கள் மணிலாக்கொட்டை என்று வழங்கும் அதே கடலைதான். அதிலிருந்து முந்நூறு பொருள்கள் கண்ட மந்திரக்காரர் என்று பள்ளிப் பாடநூல்கள் பாடுகின்றன. நாம் இப்புகழுரையை அப்படியே ஏற்பதற்கில்லை. அம்முந்நூறில் பெரும்பாலானவற்றுக்கு அவர் செய்முறை எழுதி வைக்கவில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவையும் முகப்பூச்சு, வண்ணப்பூச்சு பற்றியவை. கடலை வெண்ணெயைக் கண்டவரும் அவரல்லர். 1916-இல் அவர் வெளியிட்ட, நிலக்கடலையை வளர்க்கும் முறையும் உணவாக்கும் 105 வழிகளும் கூறும் சிற்றேட்டில், சமையற் குறிப்புகள் பலவற்றைப் பிறரிடமிருந்து பெற்றதாக அவரே நன்றியோடு கூறியிருக்கிறார். அவர் மறைக்காததைப் புகழ்ந்தவர்கள் மறைத்தார்கள்.

அப்படியானால் அவர் பெருமை எங்கே இருக்கிறது? டஸ்கிகீ ஆய்வுப் பண்ணையின் பெயரால் அவர் எழுதி வெளியிட்ட நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றேடுகளில் இருக்கிறது என்போம்.

அவ்வேடுகளின் அருமையை அறிய, அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதை அறிதல் வேண்டும். டஸ்கிகீ இருந்த மேக்கன் மாவட்டத்தில் கருநிற உழவர் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். விதைக்கும் உணவுக்கும் உரத்துக்கும் கடன் தருபவன் வணிகன் அல்லது நிலக்கிழான். அறுவடை ஆனதும் கணக்கு எழுதுபவனும் அவனே. உழவனுக்கு அக்கணக்கைப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் தட்டிக் கேட்கும் துணிவு உயிருக்கே உலை வைக்கும். கடனுக்கு ஈடு பருத்தி ஒன்றே. ஆகவே ஆண்டுதோறும் பருத்தி, வீட்டுவாசல்வரை பருத்தி. மண் சத்திழந்தது, சத்திழந்த மண்ணுக்கு மேலும் கடன்பட்டு உரம் வாங்க நேர்ந்தது.

இந்த மக்களுக்குத்தான் கார்வர் எழுதினார். 1905-இல் வந்த ஏடு, நலிந்த மண்ணை மீண்டும் வளமாக்கும் வகையைக் கூறுவது. விலை கொடுத்து வாங்கும் உரத்தை நம்பாதே. காட்டில் உதிர்ந்த இலையையும் சதுப்பு நிலத்து மக்கிய சேற்றையும் அள்ளிவந்து வயலில் இடு. பருத்திக்குப் பின் தட்டைப்பயறு விதை என்பது அதன் சாரம். பயற்றினத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றி மண்ணுக்கு வழங்குகின்றன. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் 1880-களில் தெளிவான உண்மை இது. கார்வர் கண்டுபிடித்ததன்று. ஆயினும் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் எட்டும் மொழியில், அவன் வயலுக்கே கொண்டுசென்றவர் அவர். ஏட்டைப் படிக்க இயலாதவரை நாடி, 1906-இல், கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டியொன்று ஊர் ஊராகப் புறப்பட்டது. பொருளுதவி செய்த நியூயார்க் செல்வர் ஜெசப்பின் பெயர் அதற்கு வழங்கிற்று. ஓடும் பள்ளி என்று அதை நாம் அழைக்கலாம்.

உழவனுக்குப் பயிர்முறை, ஆசிரியருக்கு அறிவியல், இல்லத்தரசிக்குச் சமையல் என மூவரையும் மனத்திற் கொண்டு எழுதுவது அவர் கொள்கை. பாடம் சொல்லும் தொழிலில் உள்ள நமக்கு இக்கொள்கை பெரிதும் உவப்பாகவே உள்ளது. கற்றவர் கற்றவருக்கே எழுதிக் கைதட்டல் பெறுவது எளிது. தக்காளியைப் பற்றியும், வெயிற்காலத்தில் இறைச்சியைப் பதப்படுத்துவது பற்றியும், உள்ளூர்க் களிமண்ணைக் குழைத்து வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவது பற்றியும் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவர் பொறுமையாக எழுதுவது எளிதன்று.

1921 சனவரியில், அயல்நாட்டுக் கடலைக்கு இறக்குமதி வரி கோரிய விளைவிப்போர் சார்பில், அமெரிக்கப் பேராயத்தின் வரிக் குழுமுன் அவர் நின்றார். தரப்பட்டது பத்து நிமிடம். இடையே ஓர் உறுப்பினர், தொட்டுக்கொள்ளத் தர்ப்பூசணி வேண்டாவா என்று வினவினார். தர்ப்பூசணியைச் சொல்லிக் கருநிற மக்களை எள்ளுவது அந்நாட்டுக் கொச்சை வழக்கம். கார்வர் சினவாது மறுமொழி கூறி, கடலைப் பாலையும் பிற பண்டங்களையும் எடுத்து வைத்துக்கொண்டே போனார். பத்து நிமிடம் நீண்டது. நேரம் பற்றிக் கவலை வேண்டா என்று தலைவரே சொல்லும்படி ஆயிற்று. மறு ஆண்டு வந்த வரிச்சட்டத்தில் கடலைக்கும் வரி இடம்பெற்றது.

அன்றுமுதல் புகழ் பெருகிற்று. ஆனால் எப்படிப்பட்ட புகழ்? தென்னாட்டு வெள்ளையர் இதழ்களும் அவரைக் கொண்டாடின. காரணம் வெளிப்படை. கும்பல் கொலைகளைப் பற்றி அவர் மேடையேறி முழங்கவில்லை. வாரக்குடியின் கணக்கேட்டைக் கேள்வி கேட்கவில்லை. அடக்கமான மேதை ஆள்வோருக்கு இனிப்பானவர். இதனைக் குறையென்றே நாம் கருதுகிறோம். சிறுவயதில் கண்ட கொலையின் அச்சமும், பள்ளியின் வாழ்வு வெள்ளையர் நன்கொடையில் தொங்கிய நிலையும் அக்குறைக்குக் காரணங்களாகலாம். 1924-இல் நியூயார்க்கில், தம் கண்டுபிடிப்புகள் இறைவன் அருளால் தோன்றுவன என்று அவர் பேச, அறிவியலார் பேசும் பேச்சா இது என்று நியூயார்க் டைம்ஸ் இதழ் இடித்துரைத்தது. அப்பேச்சில் நமக்கும் உடன்பாடில்லை. எனினும் அவர் ஏடுகளைப் புரட்டுக. விளைச்சல் பெருக வழிபாடு செய் என்றா எழுதினார்? ஆழ உழு, இலையுரம் இடு, பயிரை மாற்று என்றல்லவா எழுதினார்!

அவ்வேடுகளால் வாரக்குடியின் விலங்கு அறுந்துவிடவில்லை என்பதும் உண்மை. பயறு விதை என்று ஏடு சொல்லும். பருத்திதான் விதைக்க வேண்டுமென்று நிலக்கிழான் சொல்லுவான். நிலம் எவனுடையதோ அவன் சொல்லே நின்றது. 1910-களில் பருத்திக் காய்வண்டு அலபாமாவைச் சூறையாடிய பிறகே பலர் கடலைக்கு மாறினர். இலட்சக்கணக்கான கருநிற மக்கள் மண்ணையே உதறி வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கார்வருக்கு இது தெரியாதா? தெரிந்திருந்தது என்பதற்கு அவர் தேர்ந்த பொருள்களே சான்று. நிலக்கிழானின் கணக்கில் ஏறாத பொருள்கள் எவை என்று தேடித்தேடி எழுதியிருக்கிறார். 1898-இல் வந்த முதல் ஏடு, காட்டில் உதிரும் ஓக் கொட்டைகளைப் பன்றிக்குத் தீனியாக்குவது பற்றியது. சுவருக்குப் பூசும் களிமண் விலையற்றது. இலையுரமும் விலையற்றது.

1942-இல், உலகப்போர் நடுவே, எழுபதைக் கடந்த கிழவர் மீண்டும் ஓர் ஏடு எழுதினார். வயலோரத்தில் விதைப்பாரின்றி முளைக்கும் கீரைகளில் உண்ணத்தக்கவை எவை, அவற்றைச் சமைப்பது எவ்வாறு என்று கூறுவது அது. 1943 சனவரி 5-ஆம் நாள் அவர் மறைந்தார். சிக்கனமாகச் சேர்த்து வைத்த ஏறத்தாழ 60,000 டாலர் டஸ்கிகீயில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றது. உடலைப் புக்கர் வாஷிங்டன் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தனர்.