தலைமன்னார்: நாலு படங்கள்

போன வருஷம் கம்பஸ் லீவில் நாங்கள் ஐந்து பேர் மன்னாருக்குப் போனோம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு படக்கட்டுரை செய்ய வேண்டும், நாலு படங்களுக்கு மேல் போடக் கூடாது. போன்களில் இருநூறுக்கு மேல் எடுத்திருந்தோம், பாதியில் நாங்களே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். மிச்சத்தைக் கழித்துக் கழித்து நாலுக்குக் கொண்டுவந்தோம்.

முதலாவது, மன்னார்த் தீவுக்குள் நுழையும்போது ரெயின் ஜன்னலால் எடுத்த ஆழமில்லாத கடல். இரண்டாவது, கடைசி ஸ்டேஷனின் பெயர்ப்பலகை. மூன்றாவது, 1915இல் கட்டிய வெளிச்சவீடு. நாலாவது பழைய இறங்குதுறை. துருப்பிடித்த இரும்பு, அதற்கு அங்கால் வெறும் கடல். ஊர்ச் சனம் அதைப் 'பியர்' என்றுதான் சொல்லுது.

முதலில் எழுதினது முழுக்க 'போட் மெயில்' பெருமைதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது, ரெயின் தனுஷ்கோடி வரை வந்தது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு திரும்பவும் ரெயினில் கொழும்பு. மெட்ராஸில் எடுத்த ஒரே ரிக்கெற்றில் கொழும்பில் இறங்கலாம். இப்போது விசாவுக்கு அலைகிற எங்களுக்கு அது கதை மாதிரி இருந்தது. 1990இல் நின்றுபோன ரெயின் 2015 மார்ச்சில் திரும்பத் தலைமன்னாருக்கு வந்ததோடு கட்டுரையை முடித்திருந்தோம். சந்தோஷமான முடிவு.

எங்களில் ஒருத்தியின் வீடு ஹற்றன் பக்கம். அடுத்த கிழமை அங்கே போனபோது லப்ரொப்பில் படங்களை அவளின் அப்பாயிக்குக் காட்டினோம். முதல் மூன்றையும் "நல்லா இருக்கு புள்ள" என்று தள்ளிவிட்டா. நாலாவதில் நின்றுவிட்டா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டா: "இதுலதான் ஏத்துனாங்களா?"

அவவின் அண்ணன் குடும்பத்தோடு எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனவர். இவ ஹற்றன் ஸ்டேஷன் வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பினவ. அந்த ரெயினுக்குச் சனம் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அதற்குப் பிறகு அண்ணன் எப்படிப் போனார், எங்கே கப்பல் ஏறினார் என்று அவ பார்த்ததே இல்லை. கோத்தகிரியிலிருந்து கொஞ்சக் காலம் கடிதம் வந்ததாம், பிறகு அதுவும் இல்லை.

இதைப் பாடத்தில் நாங்கள் படித்துத்தான் இருந்தோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தைப் பாதிபாதியாகப் பிரித்தார்கள். பரீட்சைக்கு இந்த எண்களைப் பாடமாக்கினவர்கள் நாங்கள். அதே துறையில் நின்று செல்பி எடுத்தபோது எங்களில் ஒருவருக்கும் அந்த எண்கள் ஞாபகம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆக முதலே, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அதனால் ஒப்பந்தத்தில் போனவர்களை 'இராமானுஜம்' கப்பல் இறக்கியது இராமேஸ்வரத்தில். நாங்கள் பெருமையாக எழுதின போட் மெயில் பாதையில் அவர்கள் போகவே இல்லை.

வந்த பாதையும் அப்படித்தான். 1914க்கு முதல், 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தோணியில் இந்தக் கரைகளில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த நடையை ஒருவரும் படமெடுக்கவில்லை. பிறகு கொழும்பு ஸ்ரூடியோக்கள் தபாலட்டை போட்டு விற்றது கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களை. அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை, நடந்து வந்த கால்களும் படத்தில் இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்தது. அந்த நடைக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன.

கட்டுரையைத் திரும்ப எழுதினோம். படங்கள் அதே நாலுதான், புதுசாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் வரிசையை மாற்றினோம். துறையை முதலில் வைத்தோம், வந்தவர்களுக்கு அதுதானே தொடக்கம் என்று. அப்பாயியிடம் போனில் சொன்னபோது அவ ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அது கடைசி தம்பி. அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் இல்ல."

எங்களுக்குள் சண்டை வந்தது. வந்தவர்களுக்கு முதல் என்று இரண்டு பேர், போனவர்களுக்குக் கடைசி என்று மற்ற மூன்று பேர். கடைசியில் ஒரே படத்தை முதலாவதாகவும் நாலாவதாகவும் போட்டோம். முதலாவதின் கீழே 'வந்தார்கள்', நாலாவதின் கீழே 'போனார்கள்'. இடம் போதாததால் வெளிச்சவீடு வெளியே போனது. எங்கள் படங்களிலேயே வடிவான படம் அதுதான்.

அப்பாயி துறைப் படத்தை மட்டும் கழுவித் தரச் சொன்னா. ஹற்றன் ரவுனில் ஒரு கடையில் பெரிசாகக் கழுவிக் கொடுத்தோம்.