விலங்காய்வு நெறி: ஒன்ராறியோ மாகாணம்

விலங்காய்வு நெறி என்பது, நோயையும் மருந்தையும் உடலியக்கத்தையும் அறிவதற்காக உயிருள்ள விலங்குகளைப் பயன்படுத்துவது எப்போது ஏற்கத்தக்கது, எந்த வரம்புக்குள், எவருடைய மேற்பார்வையில் என்பவற்றை வகுக்கும் கோட்பாடுகளையும் சட்டங்களையும் குறிக்கும். றிச்மண்ட் ஹில் அடங்கிய ரொறன்ரோ பெரும்பாகத்தில் இந்நெறி உருப்பெற்ற வரலாற்றைப் பார்த்தால், மெய்யியலாளரின் வாதங்களைவிட, ஆய்வுக்கான விலங்கு எங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்ற கேள்வியே மக்களையும் சட்டமன்றத்தையும் அசைத்தது என்பது புலப்படும்.

தொடக்கத்தில் அவ்விலங்கு குதிரையாக இருந்தது. தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா நோய்க்கு மலிவான மருந்து தேவைப்பட்டபோது, மருத்துவர் ஜோன் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1914இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கீழ் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். குதிரையின் உடலில் நோய்நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தி, அது உண்டாக்கும் எதிர்ப்பொருளை அதன் குருதியிலிருந்து பிரித்தெடுப்பது அங்கு பின்பற்றப்பட்ட முறை. 1917இல் அந்நிறுவனம், றிச்மண்ட் ஹில்லுக்குத் தென்மேற்கே ஸ்ரீல்ஸ் அவெனியூவும் டஃபரின் வீதியும் சந்திக்கும் இடத்தில் திறக்கப்பட்ட பண்ணைக்கு விரிவடைந்து, கொனோற் ஆய்வுகூடம் என்று பெயர் பெற்றது. பண்ணை நிலத்திடையே குதிரைகள் மேய்ந்த அக்காட்சி மக்களைப் பெரிதும் உறுத்தியதாகத் தெரியவில்லை. அவை கொல்லப்படாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

நாய்களின் கதை வேறு. 1921 மே மாதத்தில் நீரிழிவுக்கு மருந்து தேடிய ஃபிரெடெரிக் பான்ரிங்கும் சாள்ஸ் பெஸ்ரும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜோன் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில், சில நாய்களின் கணையக் குழாயைக் கட்டியும் வேறு சிலவற்றின் கணையத்தை முற்றாக அகற்றியும், முன்னவற்றின் கணையச் சாற்றைப் பின்னவற்றுக்குச் செலுத்திப் பார்த்தனர். பல நாய்கள் தொற்றாலும் அறுவையின் விளைவாலும் இறந்தன. கணையம் நீக்கப்பட்ட பின்னும் சாற்றின் துணையால் வாரக்கணக்கில் உயிர்வாழ்ந்த மார்ஜரி என்ற நாய் அவ்வாய்வின் அடையாளமாயிற்று. 1922 சனவரி 11ஆம் திகதி நீரிழிவு கண்ட பதினான்கு வயதுச் சிறுவன் லியனார்ட் தொம்சனுக்கு, இன்சுலின் எனப்பட்ட அச்சாற்றின் முதல் ஊசி போடப்பட்டது; ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய சாறு அதே மாதம் 23ஆம் திகதி பயன்தந்தது. அதுவரை நீரிழிவு கண்ட சிறுவர் பட்டினி உணவால் சில காலம் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தமையை நினைக்கும்போது, விலங்காய்வை ஆதரித்தோர் நெடுங்காலம் இன்சுலினையே தமது முதற் சான்றாக முன்வைத்ததில் வியப்பில்லை. எனினும் அச்சான்று, அத்தனை நாய்களும் தேவைப்பட்டனவா, அவை எவ்வாறு பெறப்பட்டன என்ற கேள்விகளுக்கு விடையாகாது.

1950களில் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியோடு குரங்கு வந்தது. கொனோற் ஆய்வுகூடத்தில் ரேமண்ட் பார்க்கர் குழுவினர் உருவாக்கிய 'ஊடகம் 199' என்ற செயற்கை வளர்ப்புக் கரைசலிலும், லியோன் ஃபரல் வகுத்த, பெருங்குப்பிகளை மெல்ல அசைக்கும் முறையிலும், குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வைரசு பேரளவில் பெருக்கப்பட்டு, 1954இல் நடந்த சோல்க் தடுப்பூசியின் களச் சோதனைக்கு வழங்கப்பட்டது. வட அமெரிக்க ஆய்வுகூடங்கள் நாடிய ரீசஸ் குரங்குகளின் பெரும் பிறப்பிடம் இந்தியா. 1955இல் இலண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத்திணறி இறந்தபின் இந்தியா ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. 1978இல் மொரார்ஜி தேசாய் ஆட்சி அதை முற்றாகத் தடைசெய்தது. மேற்குலக ஆய்வாளர் வளர்ப்புக் கூட்டங்களையும் பிற ஆசிய நாட்டுக் குரங்குகளையும் நாட நேர்ந்ததற்கு இத்தடை ஒரு முக்கிய காரணம்.

சட்ட வழியிலும் இந்தியா கனடாவை முந்திக்கொண்டது. நடனக்கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மிணிதேவி அருண்டேல் 1953இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960இல் நிறைவேறிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம், சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு இடமளித்ததோடு, நூல், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமான இடத்தில் மாணவர் பயிற்சிக்கு விலங்கைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறும் கூறியது. அதற்கு ஓராண்டு முன்னரே, வில்லியம் ரசலும் ரெக்ஸ் பேர்ச்சும் பிரித்தானியாவில் வெளியிட்ட நூல் மூன்று நெறிகளை வகுத்திருந்தது: இயன்றவிடத்து விலங்குக்குப் பதிலாக வேறு வழியைக் கொள்ளும் பதிலீடு, எண்ணிக்கையைச் சுருக்கும் குறைப்பு, வலியைத் தணிக்கும் மென்மையாக்கல்.

கனடாவில் 1968இல் அமைந்த கனேடிய விலங்குப் பராமரிப்புப் பேரவை இம்மூன்று நெறிகளையே தன் வழிகாட்டலின் அடிப்படையாகக் கொண்டது. அறிவியலாளர், கால்நடை மருத்துவர், நிறுவனத்தைச் சாராத பொதுமக்கள் ஆகியோரைக் கொண்ட குழு ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்தையும் முன்கூட்டியே பரிசீலிப்பது பேரவை நிறுவிய முறையாகும். பேரவையின் வழிகாட்டல் கூட்டாட்சிச் சட்டமன்று. அதன் சான்றிதழ் இல்லாத நிறுவனம் கூட்டாட்சி ஆய்வு நிதியை இழக்கக்கூடும் என்பதே அதன் வலு.

ஒன்ராறியோ 1969இல் இயற்றிய ஆய்வு விலங்குகள் சட்டம் அதனினும் அழுத்தமானது. ஆய்வு நிலையங்களின் பதிவு, விலங்கு வழங்குநரின் உரிமம், அரச ஆய்வாளரின் சோதனை, மயக்கமருந்துக் கட்டாயம் என நல்ல ஏற்பாடுகளோடு, கசப்பான ஒரு பிரிவும் அதில் இருந்தது: குறித்த காலத்துக்குள் உரிமையாளர் மீட்காத நாயையோ பூனையையோ ஆய்வு நிலையம் கேட்டால் நகராட்சிக் காப்பகம் விற்கவேண்டும். தொலைந்த செல்லப்பிராணிகள் அறுவைமேசைக்குப் போகும் என்ற அச்சத்தால் விலங்குநல அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. ஆய்வாளரோ, எப்படியும் கொல்லப்படவிருக்கும் விலங்கைப் பயன்படுத்துவது, புதிதாக வளர்த்துக் கொல்வதைவிடச் சிக்கனம் என்றனர். இரண்டாவது வாதம் தருக்கத்தில் வலுவானது, ஆனால் ஒரு நாயை வளர்த்தவரிடம் அது செல்லுபடியாகவில்லை.

ஒப்பனைப்பொருள் சோதனைக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதற்கான தடை 2023 டிசம்பரில் கனடாவில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஓகஸ்டில், ஒன்ராறியோவின் இலண்டன் நகர மருத்துவமனை சார்ந்த இதய ஆய்வில் நாய்கள் பயன்படுத்தப்பட்டதைப் புலனாய்வு இதழியலாளர் வெளிக்கொணர்ந்தபோது, மருத்துவமனை அவ்வாய்வை நிறுத்தியது. மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் நாய், பூனை மீதான ஆய்வுக்குத் தடை கொண்டுவரப்போவதாக அறிவித்தார். எனினும், கனேடிய விலங்குப் பராமரிப்புப் பேரவையின் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் நாய்களும் பூனைகளும் மிகச் சிறு பங்கே. கனடாவில் ஆய்வுக்குப் பயன்படும் விலங்குகளுள் பெரும்பான்மையானவை சுண்டெலிகளும் மீன்களுமாகும்.