பூட்டும் பொதுவுடைமையும்

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி அனுப்புவதை எவரும் குற்றமென்று கருதுவதில்லை. ஆயினும் கணினிவழிச் செல்லும் மடலைப் பூட்டும் கலை நெடுங்காலம் அரசுகளின் ஏகபோகமாகவே இருந்தது. வலுவான குறியாக்க மென்பொருளை ஐக்கிய அமெரிக்கா யுத்த தளபாடங்களின் பட்டியலிலே சேர்த்து, அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று.

1991இல் பிலிப் ஸிம்மர்மன் பி.ஜி.பி. என்னும் குறியாக்க மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறுமாறு வெளியிட்டார். அது எல்லை கடந்து பரவியது. 1993இல் அவர்மீது விசாரணை தொடங்கிற்று. 1995இல் அதன் மூலநிரல் முழுவதும் நூலாக அச்சேறியது. மென்பொருளைத் தடுத்த சட்டத்தால் அச்சுப் புத்தகத்தைத் தடுக்க இயலவில்லை. 1996இல் விசாரணை கைவிடப்பட்டது.

அதே 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பிறருக்கு அவ்வுரிமையை மறுக்கலாகாது என்னும் உரிமத்தை 1992இல் அது ஏற்றது. 2020இல் வயர்கார்ட் என்னும் வி.பி.என். நிரல் லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்றது.

இவ்விரு முயற்சிகளின் பயனை இன்று நாம் நுகர்கின்றோம். வீட்டிலுள்ள பழைய கணினியையே வழங்கியாக்கி, எங்கிருந்தும் பூட்டிய பாதையால் அதனை அடைகின்றோம். பாதை அறுந்தால், முகவரி மாறிற்றா, வாயில் அடைபட்டதா, சாவி பிழையா என்று நாமே ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டறிகின்றோம். வாடகை வி.பி.என். நிறுவனத்தை மட்டும் நம்பியிருப்போர் காவலனை மாற்றுகின்றனரேயன்றிக் கண்காணிப்பினின்றும் விடுபடுவதில்லை.

அமைப்பை எல்லோரும் அறிந்த பின்னரும் சாவியின்றித் திறவாத பூட்டே நல்ல பூட்டு. அந்தரங்கத்தைக் காத்தது இரகசியமன்று, பொதுவாக்கப்பட்ட அறிவே.