5 பாக்கெட் பாஸ் ஆனால், மொத்த கறியும் சேஃபா?

மும்பை தேவ்நாரில் 1971 முதல் மாநகராட்சி ஆட்டிறைச்சிக் கூடம் இயங்குகிறது. இதுபோன்ற கூடங்களில் ஒவ்வொரு ஆட்டையும் அறுக்கும் முன்பும் பின்பும் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. பல நோய்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் சால்மோனெல்லா கிருமி கண்ணுக்குத் தெரியாதே! அதற்கு லேப் சோதனைதான் வழி. எல்லா பாக்கெட்டையும் பிரித்துச் சோதித்தால் விற்க என்ன மிஞ்சும்? அதனால்தான் மாதிரி எடுக்கிறார்கள்.

எத்தனை மாதிரி?

பல உணவுகளுக்கு சால்மோனெல்லா சோதனையில் வழக்கமான கணக்கு இதுதான்: ஒரு லாட்டுக்கு 5 மாதிரி, ஒவ்வொன்றிலும் 25 கிராம். ஒன்றில் கிருமி இருந்தாலும் லாட் முழுவதும் ஃபெயில்.

கேட்க கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாட்டில் 100-க்கு 10 பாக்கெட் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் ஒரு பாக்கெட் நல்லதாக இருக்க வாய்ப்பு 0.9. ஐந்துமே நல்லதாக அமைய, 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் சுமார் 0.59. அதாவது, லேப் துல்லியமாக வேலை செய்தாலும், அந்த லாட் பாஸ் ஆக 59% வாய்ப்பு! அதை 95% உறுதியோடு பிடிக்க 29 மாதிரி வேண்டும். கெட்டது 1% மட்டும் என்றால் 299.

அப்போ சோதனையே வேஸ்ட்டா?

இல்லை. மோசமான லாட்டை அது பிடிக்கும். ஆனால் பாதுகாப்புக்கு அது மட்டும் போதாது. தரத்தைக் கடைசியில் தேடாமல், வேலை நடக்கும்போதே கவனிக்க வேண்டும். அதற்கான கருவிதான் கட்டுப்பாட்டு வரைபடம். 1924-ல் அமெரிக்காவின் வால்டர் ஷூவார்ட் உருவாக்கியது. 1947-48-ல் அவர் இந்தியாவுக்கே வந்து, மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மூலம் இம்முறையைப் பரப்பினார்.

குளிர்அறையின் வெப்பநிலையை மணிக்கொருமுறை குறித்து, வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரு எல்லைக்கோடு போடுங்கள். புள்ளி கோட்டைத் தாண்டினாலோ, தொடர்ந்து மேலே ஏறினாலோ, கறி கெடும் முன்பே மெஷினைச் சரிபார்க்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உரிமத்தைத்தான் காட்டும், அந்த லாட்டின் தரத்தை அல்ல. ஆபீஸ் கேன்டீனுக்கு சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், லேப் ரிப்போர்ட்டோடு நிறுத்தாதீர்கள். கடந்த மாத வெப்பநிலைப் பதிவையும் கேளுங்கள்.