தெருக்கூத்து - நம்ம ஊரு பாரதம்

ஸ்பெயின் நாட்டுக் கதலோனியாவில் 'சர்தானா' என்று ஒரு நடனம் உண்டு. பதினொரு பேர் வாத்தியம் வாசிக்க, ஜனங்கள் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். தங்கள் இனத்தின் அடையாளமாகவே அதைப் போற்றுகிறார்கள். அதைப் பற்றிப் படித்தபோது, நம்ம விக்கிரவாண்டி பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். உடனே நினைவுக்கு வந்தது தெருக்கூத்துதான்!

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பகுதியே இல்லை எனலாம். செஞ்சி அருகேயுள்ள மேலச்சேரி கோயில் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலில் செஞ்சிப் பகுதியே மையம்.

திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். வில்லிபுத்தூரார் பாரதமே அதற்கு அடிப்படை. பகலில் காதால் கேட்ட கதையை இரவு பத்து மணிக்கு மேல் விடிய விடியக் கூத்தாகக் கண்ணால் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடப்பான். அவன் தொடை பிளந்த பிறகே திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.

வேடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. இவற்றுக்குக் 'கட்டை' என்று பெயர். அதனால்தான் 'கட்டைக்கூத்து' என்றும் சொல்கிறார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு முகம், கிருஷ்ணனுக்குப் பச்சை. மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை பக்கவாத்தியம். திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் ராஜா வெளியே வருவார். அவரையே கிண்டல் செய்யும் உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு!

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது பழைய வழக்கம். 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தது. அது ஒரு பெரிய மாற்றம்.

இன்னொரு மாற்றம் இன்னும் கடினமானது. விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்துப் பிரச்சினை எழுந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் வரை சென்று, 2025 ஏப்ரலில்தான் அவர்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். துகிலுரிதல் கூத்தில் திரௌபதி சபை நடுவே நின்று நியாயம் கேட்கிறாள். பெரியவர்கள் தலைகுனிந்து வாய்மூடி இருக்கிறார்கள். அதைப் பார்த்து விடிய விடியக் கண்ணீர் விடும் ஊர், அவள் வாசலிலேயே ஒருவரைத் தடுத்தால் நாம் கூத்தைப் பார்த்ததற்கு என்ன அர்த்தம்?

கூத்து நடப்பது தெருவில். தெரு எல்லோருக்கும் பொது. கூத்தைக் காப்பாற்றுவது என்றால் கிரீடத்தையும் முகவீணையையும் மட்டும் காப்பாற்றுவதல்ல, அவள் கேட்ட கேள்வியையும் காப்பாற்றுவதே என்பது என் கருத்து. அடுத்த திருவிழாவுக்கு ஒரு ராத்திரி கண்விழித்துப் பாருங்கள்.